‘அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?’ என்று கேட்ட மகளுக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் விரியத் தொடங்கியது என்று படித்துவிட்டு, “அதுக்கு முன்னாடி என்னப்பா இருந்துச்சு?” என்று கேட்டிருக்கிறாள். “ஒண்ணும் இல்லை” என்றீர்கள். “ஒண்ணுமே இல்லாததுல இருந்து எப்படிப்பா எல்லாம் வரும்?” என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டாள். தேடிப் பார்த்தால் ‘அப்போது காலமே கிடையாது, ஆகவே கேள்வியே தவறு’ என்று ஒரு பதில் கிடைக்கிறது. அது தட்டிக்கழிப்பது போலப் படுகிறது. அறிவியலுக்கு உண்மையில் எதுவரை தெரியும் என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அண்டம் ஒரு காலத்தில் மிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்ததே, அந்த நிலைக்கு முன் என்ன என்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொடக்கம் உண்டா, உண்டென்றால் அதற்கு முன் என்ன என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இன்று யாரிடமும் பதில் இல்லை. குழப்பத்தில் பெரும்பகுதி இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வதால் வருவது. நான் கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்குப் பொதுச் சார்பியலும் (ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை) அண்டவியலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன். சார்பியல் கணக்குகளை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஈர்ப்பையும் அணுவுலகின் குவாண்டம் விதிகளையும் இணைக்க முயலும் இழைக் கொள்கை, குவாண்டம் ஈர்ப்பு ஆகியவற்றில் நான் வாசகன் மட்டும்தான். கீழே சொல்வதை அந்த வேறுபாட்டோடு படியுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். பெருவெடிப்பு என்ற பெயரே நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. அந்தப் பெயரை வைத்தவர் ஃபிரெட் ஹாயில். 1949-இல் பிபிசி வானொலி உரை ஒன்றில், தான் ஏற்காத கொள்கையைக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வெடிப்பு என்றதும் நம் மனம் ஓர் இருண்ட வெற்றிடத்தையும், அதன் நடுவில் வெடிக்கும் ஒரு புள்ளியையும் கற்பனை செய்துகொள்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எல்லா இடமும் ஒரே நேரத்தில் சூடாக இருந்தது. எல்லா இடமும் ஒன்றையொன்று விட்டு விலகியது. இன்று நம் கண்ணுக்கு எட்டும் அண்டம், எல்லாத் திசையிலும் சுமார் 4600 கோடி ஒளியாண்டு ஆரம் கொண்டது. நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, அதாவது ஆதிச் சூட்டிலிருந்து மிஞ்சி இன்றும் வானமெங்கும் பரவியிருக்கும் ஒளி, கிளம்பிய நேரத்தில் அதே பகுதி ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டு ஆரத்துக்குள் அடங்கியிருந்தது. ஆனால் நமக்கு எட்டாத பகுதியையும் சேர்த்த முழு அண்டம் அப்போதே முடிவில்லாமல் பரந்து கிடந்திருக்கலாம். ஆகவே “எல்லாம் ஒரு புள்ளியாக இருந்தது” என்று மகளிடம் சொல்லியிருந்தால், “நமக்குத் தெரிகிற பகுதி மிகச் சிறிதாக இருந்தது” என்று திருத்திச் சொல்லுங்கள்.

அந்தக் கதிர்வீச்சு, அண்டத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பியது. 1965-இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் அதைக் கண்டுபிடித்ததை அறிவித்தார்கள். இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். ஒளியால் இதைவிடப் பின்னால் பார்க்க முடியாது. அதற்கு முன் அண்டம் ஒளி ஊடுருவாத மின்மக் கூழாக (பிளாஸ்மா) இருந்தது. ஆனாலும் அதற்கு முன் நடந்ததன் சாட்சி ஒன்று மிச்சமிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சாட்சியும் அதுதான்.

அண்டத்துக்கு ஒரு நொடி வயதானபோது வெப்பநிலை சுமார் ஆயிரம் கோடி டிகிரி. அதன்பின் சில நிமிடங்களில், அணுக்கருக்கள் உருவாகும் அளவுக்கு அது குளிர்ந்தது. அந்த நேரத்தில் ஒரு நியூட்ரானுக்கு ஏழு புரோட்டான் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. கரும்பலகையில் நான் இப்படித்தான் எழுதிக்காட்டுவேன்: 16 துகள்களை எடுத்துக்கொள்ளுங்கள். 14 புரோட்டான், 2 நியூட்ரான். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஹீலியம் கருவாகின்றன. மிச்சம் 12 புரோட்டான், அதாவது 12 ஹைட்ரஜன் கருக்கள். மொத்த எடை 16, அதில் ஹீலியம் 4. கால் பங்கு. நட்சத்திரங்களில் அதிகம் சமைக்கப்படாத பழைய வாயு மேகங்களை இன்று அளந்தால் ஹீலியம் ஏறத்தாழ கால் பங்குதான் இருக்கிறது. அண்டத்தின் முதல் சில நிமிடங்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டு, அது இன்றைய அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்பதை நினைத்தால், எத்தனை முறை நடத்திய பாடமாக இருந்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒரு நொடி வரை இப்படி நம்பிக்கையோடு போகலாம். இன்னும் பின்னால், ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு வரைக்கும், ஜெனீவாவுக்கு அருகில் உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியில் துகள்களை மோதவிட்டுப் பார்த்த இயற்பியல் துணைக்கு வருகிறது. அங்கிருந்து பின்னால் போகப் போக நேரடிச் சோதனை நின்றுவிடுகிறது. ஊகம் தொடங்குகிறது. ஆனால் எல்லா ஊகமும் ஒரே தரமானவை அல்ல.

முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். பின்னணிக் கதிர்வீச்சை வானத்தின் எந்தப் பக்கம் அளந்தாலும் வெப்பநிலை லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் ஒன்றுபோல இருக்கிறது. இது விநோதமானது. எளிய விரிவுக் கணக்கின்படி, அந்த ஒளி கிளம்பிய நேரத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருக்கக்கூடிய பகுதி இன்று வானத்தில் ஒன்றிரண்டு டிகிரி அகலம்தான். எதிரெதிர்த் திசைகளில் இருப்பவை ஒருபோதும் சந்தித்ததே இல்லை. சந்திக்காதவை எப்படி ஒரே வெப்பநிலைக்கு வந்தன? 1980-ஐ ஒட்டி அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி, ஆலன் கூத் போன்றவர்கள் வந்து சேர்ந்த யோசனை இது: சூடான நிலைக்கு முன்னால் ஒரு குறுகிய கட்டம் இருந்தது. அப்போது பொருளும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. வெளியையே நிரப்பியிருந்த ஓர் ஆற்றல் மட்டும் இருந்தது. அந்த ஆற்றலின் ஈர்ப்பு, இழுப்பதற்குப் பதில் தள்ளியது. நொடியின் நினைத்துப் பார்க்க முடியாத சிறு துணுக்குக்குள் வெளி குறைந்தது 10-ஐ 26 முறை பெருக்கிய மடங்கு விரிந்தது. இதை வீக்கக் கட்டம் என்று தமிழில் எழுதுகிறார்கள். அது முடிந்தபோது அந்த ஆற்றல் துகள்களாகவும் வெப்பமாகவும் மாறியது. பாடநூல் சொல்கிற சூடான பெருவெடிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே “விரிவுக்கு முன் என்ன?” என்பதற்குப் பெரும்பாலான அண்டவியலாளர்கள் இன்று தரும் பதில்: இன்னொரு விதமான, இன்னும் வேகமான விரிவு. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை. இதை ஏன் ஊகம் என்று தள்ளிவிடக் கூடாது என்றால், இது முன்கூட்டியே ஒரு காரியத்தைச் சொன்னது. வீக்கக் கட்டத்தில் எழும் குவாண்டம் சலனங்கள் (மிக நுண்ணிய தற்செயல் ஏற்ற இறக்கங்கள்) பின்னாளில் விண்மீன் திரள்களின் விதைகளாகும் என்றும், பெரிய அலைகள் சிறியவற்றைவிட மிகச் சற்றே வலுவாக இருக்கும் என்றும் 1981-இல் வியாசெஸ்லாவ் முகானோவும் ஜென்னடி சிபிசோவும் கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்த வலு வேறுபாட்டை ஓர் எண்ணால் குறிப்பார்கள்; எல்லா அளவிலும் சமமாக இருந்தால் அந்த எண் 1. பின்னணிக் கதிர்வீச்சை ஆராய்ந்த பிளாங்க் விண்கலம் அளந்தது 0.965. ஒன்றுக்கு மிக அருகில், ஆனால் ஒன்றில்லை. மூன்று பத்தாண்டுகளுக்கு முன் காகிதத்தில் எழுதியது வானத்தில் தெரிந்தது.

ஆனாலும் வீக்கம் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று நான் வகுப்பில் சொன்னதில்லை. அது விட்டுச் சென்றிருக்க வேண்டிய ஈர்ப்பலைகளின், அதாவது வெளியிலேயே எழும் நெளிவுகளின், தடம் இன்னும் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில், தென் துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கிக் குழு அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. நானும் அன்று மாணவர்களைக் கூட்டி உற்சாகமாகப் பேசினேன். அடுத்த ஆண்டே, பிளாங்க் தரவுகளோடு சேர்த்துப் பார்த்ததில், அந்தத் தடத்தை நம் பால்வீதியின் தூசியே உண்டாக்கியிருக்க முடியும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகான நுணுக்கமான அளவீடுகளும் அந்த அலைகள் இருந்தால் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்ற உச்சவரம்பை மட்டுமே தந்திருக்கின்றன.

சரி, வீக்கத்துக்கு முன் என்ன? இங்கேதான் இரண்டாவது கேள்வி கதவைத் தட்டுகிறது. வீக்கம் எதிர்காலத்தில் எங்காவது ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் கடந்த காலத்திலும் ஓயாமல் நடந்திருக்கலாமே? அர்விந்த் போர்டே, ஆலன் கூத், அலெக்சாண்டர் விலென்கின் மூவரும் 2003-இல் நிறுவிய ஒரு தேற்றம் அதற்குத் தடை போடுகிறது: சராசரியாக விரிந்துகொண்டே இருக்கும் எந்த அண்டத்தையும் முடிவில்லாமல் பின்னோக்கித் தொடர முடியாது. இதை வைத்துக்கொண்டு “தொடக்கம் நிரூபணமாகிவிட்டது” என்று மேடைகளில் சொல்கிறார்கள். தேற்றம் அவ்வளவு சொல்லவில்லை. விரிவு மட்டுமே முழுக் கதையாக இருக்க முடியாது, அதன் பின்னால் வேறு ஏதோ இயற்பியல் வேண்டும் என்பதே அதன் பொருள். சுருங்கும் கட்டம் ஒன்று முன்னால் இருந்தால் தேற்றத்தின் நிபந்தனையே மாறிவிடும்.

இதற்கு முன்பும் இதே போன்ற ஒரு கதை நடந்திருக்கிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பின்னோக்கி ஓட்டினால் அடர்த்தி முடிவிலியாகும் ஒரு கணம் வருகிறது. அண்டம் கச்சிதமாகச் சீராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டதால் வந்த கோளாறாக இருக்குமோ என்று பலர் சந்தேகப்பட்டார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல், அந்தச் சீர்மையை விட்டுவிட்டே பொருள் எப்படிக் குவிகிறது என்று காட்டும் ஒரு சமன்பாட்டை எழுதினார். ரோஜர் பென்ரோஸ், ஸ்டீபன் ஹாக்கிங் இருவரும் நிறுவிய புகழ்பெற்ற ஒருமைப்புள்ளித் தேற்றங்களுக்கு (அப்படிப்பட்ட கணம் தவிர்க்க முடியாதது என்பவை) அந்தச் சமன்பாடுதான் முதுகெலும்பு. நம் நாட்டுப் பாடநூல்களில் இவருடைய பெயர் இன்னும் பெரிதாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்தத் தேற்றங்களும் நிபந்தனைக்கு உட்பட்டவையே: பொதுச் சார்பியல் கடைசிவரை செல்லுபடியாக வேண்டும், ஈர்ப்பு எப்போதும் இழுக்கவே வேண்டும். வீக்கம் இரண்டாவது நிபந்தனையை மீறுகிறது. ஒரு நொடியை 10-ஆல் 43 முறை வகுத்தால் வரும் அளவுக்குப் பின்னால் போனால் முதல் நிபந்தனையும் நிற்காது. அங்கே ஈர்ப்புக்கே குவாண்டம் விதி வேண்டும், அது நம்மிடம் முழுமையாக இல்லை. விடையில் முடிவிலி வந்தால், சூத்திரத்தை அது பொருந்தாத இடத்தில் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். அந்த முடிவிலியைத் தொடக்கம் என்று பெயர் சூட்டி வழிபட வேண்டியதில்லை.

‘காலமே இல்லை’ என்ற பதிலை இனி நேர்மையாகப் பார்க்கலாம். அது தட்டிக்கழிப்பு இல்லை. ஆனால் பலர் அதைத் தெரிந்த உண்மை போலச் சொல்வது தவறு. அதன் மிக அழகான வடிவம் மிகப் பழையது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர், பாதிரியாரும் இயற்பியலாளருமானவர், 1931-இல் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். உலகம் ஒரே ஒரு குவாண்டத்தில் தொடங்கியிருந்தால், அப்போது வெளி, காலம் என்ற கருத்துகளுக்குப் பொருளே இருக்காது; அது போதுமான எண்ணிக்கையில் பிரிந்த பிறகுதான் அவற்றுக்குப் பொருள் வரும் என்றார். இதை நான் மாணவர்களுக்கு வெப்பநிலையை வைத்து விளக்குவேன். ஒரு குவளைத் தண்ணீருக்கு வெப்பநிலை உண்டு. அதிலுள்ள ஒரே ஒரு மூலக்கூறை எடுத்து “இதன் சூடு எவ்வளவு?” என்று கேட்டால் பதில் கிடையாது. வெப்பநிலை என்பது கூட்டத்தின் குணம். காலமும் அப்படிப்பட்ட ஒன்றாக இருந்தால், ‘முன்னால்’ என்ற சொல் ஒரு கட்டத்துக்குப் பின்னால் தானாகவே கரைந்துவிடும். 1983-இல் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் வேறொரு வழியில் அங்கேயே வந்தார்கள். அவர்கள் கணக்கில் ஆதியில் காலம், இடத்தின் திசைகளைப் போலவே நடந்துகொள்கிறது; தென் துருவத்துக்குத் தெற்கே என்ன என்று கேட்பது போல, அங்கே முன்னால் என்பதற்கு இடமில்லை. ஆனால் 2017-இல் நீல் துரோக்கும் கூட்டாளிகளும், அந்தக் கணக்கைக் கவனமாகப் போட்டால் நம் அண்டத்தைப் போலச் சீரான ஒன்று கிடைக்காது என்று வாதிட்டார்கள்; ஹார்ட்டில் தரப்பும் பதில் எழுதியது. விவாதம் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்கு, ‘ஒன்றுமில்லாததிலிருந்து’ என்பதற்கு, ஒரே ஒரு எச்சரிக்கை. இயற்பியலாளர்கள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும்போது அது நாம் வீட்டில் சொல்கிற ஒன்றுமில்லை அல்ல. 1973-இல் எட்வர்ட் டிரையன், அண்டம் ஒரு வெற்றிடச் சலனமாக இருக்கலாம் என்றார். பொருளின் ஆற்றலும் ஈர்ப்பின் எதிர்மறை ஆற்றலும், கையிருப்பும் கடனும் போல, கழிந்து பூச்சியமாகலாம் என்பது வாதம். அந்த வெற்றிடம் ஏற்கெனவே வெளியும் காலமும் விதிகளும் உள்ள ஓர் இடம். 1982-இல் விலென்கின் இன்னும் ஒரு படி போய், வெளியும் காலமும்கூட இல்லாத நிலையிலிருந்து அண்டம் தோன்றும் கணக்கைப் போட்டார். அங்கும் குவாண்டம் விதிகள் மிச்சம் இருக்கின்றன. விதிகள் எங்கிருந்து வந்தன என்று உங்கள் மகள் கேட்டால், அவள் கேட்டது சரியான கேள்வி என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

மூன்றாவது வகைப் பதில்கள், முன்பே ஓர் அண்டம் இருந்தது என்பவை. அபய் அஷ்டேகரும் அவருடைய குழுவினரும் 2006-இல் செய்த கணக்கில், வெளி என்பதே நுண்ணிய மணிகளால் ஆனது. அதனால் அடர்த்திக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சுருங்கிவந்த அண்டம் அந்த வரம்பைத் தொட்டதும் ஈர்ப்பு தள்ளும் விசையாகி, அண்டம் துள்ளி மறுபடி விரிகிறது. முடிவிலி வரவே இல்லை. கேட்கவே மனதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் கணக்கு மிக எளிமைப்படுத்திய அண்டங்களுக்குப் போடப்பட்டது. துள்ளலுக்கு முந்திய அண்டத்தின் தடயம் இந்தப் பக்கம் வந்து சேருமா என்பதில் அத்துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு: பெரும்பகுதி அழிந்துவிடும் என்றார் மார்ட்டின் போயோவால்ட், பெரும்பாலும் தப்பிவிடும் என்றார்கள் வேறு சிலர். பால் ஸ்டைன்ஹார்ட், துரோக் ஆகியோரின் சுழற்சி அண்டம், மறுபடி மறுபடி சுருங்கி விரிவது, இன்னொன்று. பென்ரோஸுடையது இன்னும் துணிச்சலானது. வெகு தொலை எதிர்காலத்தில் ஒளி மட்டும் மிஞ்சும்; நிறையுள்ள துகள் இல்லாவிட்டால் கடிகாரமும் இல்லை, அளவுகோலும் இல்லை; பெரியது சிறியது என்ற பேதமே போய்விடும்; ஆகவே ஓர் ஊழியின் முடிவு அடுத்த ஊழியின் தொடக்கமாகிவிடும் என்கிறார். எலக்ட்ரான் போன்றவையும் ஒரு நாள் நிறை இழக்க வேண்டும் என்று அது கோருகிறது. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. முந்தைய ஊழியின் வளையங்கள் பின்னணிக் கதிர்வீச்சில் தெரிவதாக 2010-இல் அவரும் குர்சாத்யானும் சொன்னார்கள். வழக்கமான கொள்கையிலிருந்து கணினியில் உருவாக்கிய வானத்திலும் அதே மாதிரி வளையங்கள் வருகின்றன என்று மற்றக் குழுக்கள் காட்டிவிட்டன.

இவற்றில் எதை நம்பலாம் என்று தீர்மானிக்க எனக்கு ஓர் உரைகல் உண்டு: என்ட்ரோப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு. இதைப் பற்றி வெகுஜனக் கட்டுரைகள் போதுமான அளவு பேசுவதில்லை. பானை உடையும், உடைந்த ஓடுகள் தானாகப் பானையாகாது. ஒழுங்கு குறைந்துகொண்டே போகும். அப்படியானால் தொடக்கத்தில் அண்டம் மிகமிக ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். சீராகப் பரவிய சூடான வாயு ஒழுங்கற்றதாயிற்றே என்று தோன்றும். ஈர்ப்பு உள்ள இடத்தில் கதை தலைகீழ்: சீராகப் பரவியிருப்பதே அபூர்வமான ஒழுங்கு, கட்டிகட்டியாகி இறுதியில் கருந்துளையாவதுதான் இயல்பான சீர்குலைவு. முன்பு ஓர் அண்டம் சுருங்கியது என்றால், அது தன் கருந்துளைகளையும் அலங்கோலத்தையும் சுமந்துகொண்டுதானே நொறுங்கியிருக்கும்? பிறகு நம் பக்கம் இவ்வளவு சீராக எப்படி வந்தது? 1930-களிலேயே ரிச்சர்ட் டால்மன் இதைக் கவனித்தார்: ஒவ்வொரு சுழற்சியிலும் என்ட்ரோப்பி கூடும், சுழற்சிகள் நீளும், பின்னோக்கிப் போனால் அவை குறுகிக்கொண்டே வரும், மறுபடி ஒரு தொடக்கம் தலைகாட்டும். பென்ரோஸும் ஸ்டைன்ஹார்ட்டும் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்கிறார்கள். அவர்கள் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்றாலும், எதிர்கொள்வதற்காக அவர்களை மதிக்கிறேன். வீக்கமும் இதிலிருந்து தப்பவில்லை. வீக்கம் தொடங்குவதற்கே ஓரளவு ஒழுங்கு முன்னால் தேவைப்படுகிறது.

இது என்றைக்கும் தீராத தத்துவ விவாதம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டைன்ஹார்ட் வகைச் சுழற்சி அண்டத்தில் ஆதி ஈர்ப்பலைகள் நம்மால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மெல்லியவை. நாளை யாராவது அவற்றை ஐயமின்றிக் கண்டுவிட்டால், அந்தக் கதை போய்விடும். கிடைக்காவிட்டால் எந்தப் பக்கமும் தீர்ப்பு வராது, ஆனால் வீக்கத்தின் பல வடிவங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே போகும். இப்போதே சில கழிந்துவிட்டன.

சமய நம்பிக்கையோடு இது எப்படிப் பொருந்தும் என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய அண்டவியல் படைப்புக்குச் சாட்சி சொல்வதாகப் பேசினார். பாதிரியாரான லெமைத்ருக்கே அது பிடிக்கவில்லை. தன் கொள்கையை வேதத்தோடு முடிச்சுப்போட வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு. நானும் அந்தப் பக்கம்தான்.

மகளிடம் “ஒன்றும் இல்லை” என்று சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். “சூடாக இருந்ததற்கு முன் வேறு விதமாக வேகமாக விரிந்துகொண்டிருந்தது என்று நினைக்கிறோம், அதற்கும் முன்னால் என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது” என்று சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் பல்லாங்குழி சோழி இருந்தால் 16 எடுத்து வைத்து, அந்த ஹீலியம் கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஏழு என்ற விகிதம் எங்கிருந்து வந்தது என்று அவள் கட்டாயம் கேட்பாள். அதற்கும் பதில் இருக்கிறது. கேட்டால் எழுதுங்கள், அதையும் சொல்கிறேன்.